சுவரைப் பார்த்த ஏரி

எங்கள் வீட்டில் ஒரு வருடமும் சில மாதங்களும் குடியிருந்த ஒருத்தி, ஒருநாளும் நேரே வீட்டுக்கு வந்ததில்லை. நாங்கள் இருந்தது ஸ்காபரோவில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் ஏழாவது தளம். அவள் எலிவேற்றரில் ஒன்பதாவது தளத்துக்குப் போவாள். அங்கிருந்து படிக்கட்டால் இரண்டு தளம் இறங்கி, படிக்கட்டுக் கதவை அரைவாசி திறந்து நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வருவாள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த காலோடு இதைச் செய்வாள். ஏன் என்று கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லதக்கா" என்பாள். படி இறங்கி உடம்பு இளைத்தவர்களை நான் இன்றுவரை கண்டதில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்களுக்குச் சொன்ன பெயர் அவளுடைய சொந்தப் பெயர்தானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கேக்குகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் நானும் அவளும் ஒரே லைனில் வேலை செய்தோம். லைனில் நிற்பவர்கள் எல்லாரும் கதவுக்கு முதுகு காட்டித்தான் நிற்கவேண்டும். அவள் மட்டும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கத்தில் அடுப்பின் சூடு நேரே முகத்தில் அடிக்கும். வேர்த்து வழிந்தாலும் இடத்தை மாற்றமாட்டாள். கதவால் யார் வந்தாலும் முதலில் காண்பவள் அவள்தான். சூப்பர்வைசர் வருகிறார் என்று கண்ணைக் காட்டி எங்கள் கதையை நிறுத்துபவளும் அவள்தான் என்பதால், மற்றவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

தங்கியிருந்த இடத்தை விட்டு எழும்பவேண்டும், ஒரு அறை கிடைக்குமா என்று ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டாள். எங்களிடம் இரண்டு அறை இருந்தது. மகள் எங்களோடுதான் படுப்பாள். சரி வாரும் என்றேன்.

வந்த பிறகுதான் முழு ஆளும் தெரிந்தது. தொலைபேசி மணி அடித்தால் எடுக்கமாட்டாள். பேசுகிறவரின் குரலை ஆன்சரிங் மெசின் எடுக்கும்வரை பக்கத்தில் நின்று காது கொடுப்பாள். குரல் தெரிந்ததென்றால்தான் ரிசீவரில் கை வைப்பாள். பால் பையை வெட்டுமுன் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பாள். யாராவது கமராவைத் தூக்கினால் அவளுக்கு உடனே தண்ணீர் குடிக்க வேண்டிவரும், எழும்பிப் போய்விடுவாள். கேத்திலைத் தூக்குவதும் போத்தல் மூடி திறப்பதும் இடது கையால். இடக்கைக்காரி என்று நினைத்தேன். ஆனால் கையெழுத்தை வலக்கையால் போட்டாள். இதையெல்லாம் பார்த்த என் கணவர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் பேப்பர் படித்தார். அவருக்கு எதற்கும் ஒரு பழமொழி போதும். எனக்குப் போதாது.

நான் ஒரு விடுப்புக்காரி. இதை ஒளிப்பதில் பயனில்லை, என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் யாருக்கு என்ன முறை என்று அறியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என் வீட்டுக்குள் கடவுள் இப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டால் நான் என்ன செய்வேன்?

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு நாகரிகம் இருந்தது. இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர், எந்தெந்த நாட்டால் வந்தீர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் ஊரைக் கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும். "நீங்கள் எவடம்?" என்பது எங்களுக்கு வணக்கம் சொல்வதுபோல. அதற்குப் பதில் வந்தால்தான் அடுத்த கதை தொடங்கும்.

"நீர் எவடம்?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"யாழ்ப்பாணந்தானக்கா."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"உங்காலைப் பக்கந்தான்" என்று சொல்லிக் கையை ஜன்னல் பக்கம் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லொட்தான் இருந்தது.

கோயிலில் ஒரு அன்ரி கேட்டபோது பருத்தித்துறைப் பக்கம் என்றாளாம். தமிழ்க் கடைக்காரர் கேட்டபோது தீவுப்பக்கம் என்றாளாம். இரண்டும் என் காதுக்கு வந்து சேர்ந்தன. ஊரை மறைக்கிற ஒருத்தியை எங்கள் சனம் எப்படி நம்பும்? நானும் நம்பவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்தேன்.

இனி அந்தப் படம். அவள் வரும்போது கொண்டுவந்தது இரண்டு பைகளும், பெட்சீற்றால் சுற்றிய ஒரு படமும். வந்த அன்றே சுவரில் ஆணி கேட்டு அடித்துப் படத்தைக் கொழுவினாள். ஆனால் படத்தின் முகம் சுவரைப் பார்த்திருந்தது. அறைக்குள் எட்டிப்பார்த்தால் பின்பக்கத்து மண்ணிறக் காகிதமும் கம்பியும்தான் தெரியும். உலகத்தில் எவராவது படத்தைத் திருப்பிக் கொழுவுவார்களா? நேரே கொழுவியிருந்தால் நான் இரண்டாம் தரம் பார்த்திருக்கமாட்டேன். திருப்பிக் கொழுவியதால் அந்தச் சுவரைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. காகிதத்துக்குள் பாஸ்போட் ஒளித்திருக்கிறாளா, நகை இருக்கிறதா, யாரோ ஒரு ஆளின் படமா என்று லைனில் நின்றபடி யோசித்ததில் கேக் பெட்டிகள் என்னைத் தாண்டிப் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி கொண்டுபோனேன். கதவைத் தட்டிக்கொண்டே திறந்துவிட்டேன், அது என் பழக்கம். அவள் கட்டிலில் இருந்தாள். படம் முன்பக்கம் திரும்பியிருந்தது. தனியாக இருக்கும்போது திருப்பிவைத்துப் பார்ப்பாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஏரி. ஒரு திரைகூட இல்லாத தண்ணீர். அக்கரையில் கறுப்பாக ஊசியிலை மரங்கள், அவற்றுக்குப் பின்னால் தாழப் பதிந்த மலைகள், மலை முடுக்குகளில் கோடைக்கும் கரையாத பனி. இக்கரையில் வெள்ளைத் தண்டு மரங்கள் நாலைந்து. பாதி தண்ணீருக்குள் இறங்கிய சிவப்புப் படகுக் கொட்டில். அதிலிருந்து ஒரு பலகை மேடை நீண்டிருந்தது. தண்ணீர் அத்தனையையும் தலைகீழாக வாங்கி வைத்திருந்தது. எனக்குப் படம் ரசிக்கத் தெரியாது. ஆனாலும் கையில் தேத்தண்ணி ஆறும்வரை நின்றுவிட்டேன்.

"எவடத்து ஏரி இது?"

"இஞ்சத்தைய ஏரிதானக்கா. வடக்காலை. யார்ட் சேலிலை வாங்கினனான்."

"அந்தப் பலகையிலை இருக்கிறது ஆர்?"

"அது கட்டை. படகு கட்டுற கட்டை."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு விரல் நுனி அளவுதான் இருந்தது. ஆனால் கட்டைக்கு மஞ்சள் உடுப்பும் முதுகில் ஒற்றைப் பின்னலும் இருந்தன. அதை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்டேன்.

"வெளிச்சம் ஒருமாதிரிக் கிடக்கு. இது விடியப்புறமோ, பின்னேரமோ?"

"ராத்திரிப் பதினொரு மணி" என்றாள்.

சொன்ன கையோடு வாயை இறுக்கி மூடினாள். தேத்தண்ணியை வாங்கிக் கொண்டு, தலையிடிக்குது, படுக்கப்போகிறேன் என்றாள். ராத்திரிப் பதினொரு மணிக்கு எங்கேயடி இவ்வளவு வெளிச்சம், என்னை விசரி என்று நினைத்துவிட்டாளா என்று எனக்குக் கோபம் வந்தது.

விடை இரண்டு கிழமைக்குள் தானாகவே வந்தது. என் கணவரின் தங்கை, என் மச்சாள், நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலை உள்ள ஒரு சின்ன ஊரில் இருந்தாள். மாதம் ஒருமுறை தொலைபேசி எடுப்பாள். அன்றைக்கு எடுத்து, "பிள்ளையள் படுக்குதுகள் இல்லை அண்ணி. இஞ்சை இப்ப ராத்திரிப் பதினொரு மணிக்கும் பகல் மாதிரி. யன்னலுக்குக் கறுத்தச் சீலை போட்டிருக்கிறன்" என்றாள். இவள் நோர்வேயில் இருந்திருக்கிறாள். இருந்ததை மறைக்கிறாள்.

நோர்வேயில் இருந்த ஒருத்தி ஏன் அதை விட்டுவிட்டு வந்து, ஊரை மாற்றி மாற்றிச் சொல்லி, எலிவேற்றரை ஏமாற்றிக்கொண்டு திரிகிறாள்? யாருடைய நகையையாவது தூக்கிக்கொண்டு வந்தாளா? யாருக்காவது ஒற்று வேலை பார்த்தவளா? அந்தக் காலம் அப்படி. ஒருவரை ஒருவர் அப்படித்தான் யோசித்தோம். என் பிள்ளை உறங்குகிற வீட்டில் யாரை வைத்திருக்கிறேன் என்று பயமும் வந்தது. பயத்தைவிட விடுப்பு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

மகளின் ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. அந்த நாட்களில் பிறந்தநாள் என்றால் அது பிள்ளைக்காக மட்டும் இல்லை, வீடியோவுக்காகவும்தான். கேக் வெட்டுவதை வீடியோக்காரர் எடுப்பார். கொழும்பில் அம்மாவுக்கு ஒரு கசெற், பாரிசில் என் அண்ணனுக்கு ஒன்று, நோர்வேயில் மச்சாளுக்கு ஒன்று என்று போகும். அங்கே அதை வீட்டில் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஊரில் உள்ள தமிழ்ச் சனம் முழுக்கக் கூடியிருந்து, யார் கொழுத்தது, யார் மெலிந்தது, பின்னால் நிற்பது யார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்.

கேக் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரில், மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகிய கறை ஒன்று பரந்து கிடந்தது. அதை மறைக்க ஏதாவது வேண்டும். அவள் காலை ஷிப்றுக்குப் போயிருந்தாள். நான் அவள் அறைக்குள் போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டுவந்து சுவரில் கொழுவினேன், முகம் எங்களைப் பார்க்கும்படியாக.

கறை ஒரு சாட்டு. அதை மறைக்க மூன்று பலூனும் கலர்த்தாளும் போதும். நான் படத்தைக் கொழுவியது நோர்வேயில் யாராவது பார்க்கட்டும் என்றுதான். பார்த்து, "உது இன்னாற்றை படமெல்லோ" என்று மச்சாள் எனக்குச் சொல்லட்டும் என்றுதான். மீன் பிடிக்கத் தூண்டிலில் புழு குத்துவதுபோல அந்த ஏரியைக் கொண்டுபோய்ச் சுவரில் குத்தினேன். இதை இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லவில்லை.

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்த நேரம் அவள் வந்தாள். வீடியோ வெளிச்சம் சுவர் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடி படத்தைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் சுவரோரமாக, கமராவில் படாமல், தன் அறைக்குப் போனாள். கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை குசினிக்குள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கறையை மறைக்கத்தானேயக்கா எடுத்தனீங்கள்?"

"ஓம். வேறை எதுக்கு?" என்றேன்.

பால் பையைக்கூட நம்பாதவள் என் வார்த்தையை நம்பினாள். முகம் கொஞ்சம் இளகியது. கதிரையை இழுத்து இருந்தாள்.

"உந்த வீடியோ எங்கையெல்லாம் போகும்?"

"கொழும்பு, பாரிஸ். பேந்து நோர்வேக்கு, மச்சாளிட்டை."

"நோர்வேயிலை எவடம்?"

அவள் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். ஊரின் பெயரைச் சொன்னேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. அவளைக் கட்டியவர் அந்த ஊரில் இருக்கிறார். எல்லாருக்கும் கடிதம் மொழிபெயர்த்துக் கொடுப்பவர், சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பவர், சனம் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடும். என் மச்சாளின் பிள்ளைகளும் அவரிடம்தான் அ, ஆ எழுதினார்கள். "மாஸ்ரர் தங்கமான மனிசன்" என்று மச்சாளே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். தங்கமான மனிதர் கோபம் வந்தால் மனைவியை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார். ஒருநாள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அவளுடைய வலது மணிக்கட்டு அகப்பட்டது. அகப்பட்டதா, அகப்பட வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கை பாரம் தூக்காது.

"வெளியிலை விட்டா எங்கை போறது? எல்லாற்றை வீடும் அவற்றை ஆக்கள்தான். கோடையெண்டா ஏரிக்கரையிலை போய் இருப்பன். திறக்கு மட்டும் இருப்பன்."

"ராத்திரிப் பதினொரு மணிக்கோ?"

"ஓமக்கா. சிலவேளை விடியுமட்டும். விடியிறதுக்கு அங்கை இருட்டே இல்லை."

அதே கரையில், படகுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி இருந்தாளாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொழுதுபோக்குக்குப் படம் கீறுபவள். தினம் தினம் ஜன்னலால் அந்த மஞ்சள் உடுப்பைக் கண்டு, படத்தில் கீறிவிட்டாள். பிறகு கரைக்கு இறங்கி வந்து கையைப் பார்த்துக் கட்டுப் போட்டவளும், ரிக்கற் எடுக்க உதவியவளும் அவள்தான். போகும்போது அந்தப் படத்தைக் கொடுத்து, நான் பார்த்தேன் என்பதற்கு இது சாட்சி என்றாளாம்.

"எங்கடை சனத்திலை ஆருமே நம்பேல்லையக்கா. அவர் அப்பிடிச் செய்யமாட்டார், உமக்குத்தான் சந்தேகக் குணம் எண்டிச்சினம். இந்தப் படம் இல்லாட்டி நானே என்னை நம்பமாட்டன். அதுதான் எறிய மனம் வரேல்லை."

அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதபடியே எனக்குள் ஒரு மூலையில், ஊரை மாற்றிச் சொல்கிறவள் இதையும் மாற்றிச் சொல்லலாமே என்று ஒரு குரல் கேட்டது. என் புத்தி அப்படிப்பட்டது. ஆனாலும் அவளுடைய கையைப் பிடித்து, நோர்வேக்குப் போகிற கசெற்றில் படம் தெரியாது, அதற்கு நான் பொறுப்பு என்று சத்தியம் செய்தேன்.

அன்றே வீடியோக்காரரிடம் ஓடினேன். அந்தக் காலத்து வீடியோக்களில் காட்சிக்குக் காட்சி இதயம் சுழலும், புறா பறக்கும், ரோசாப்பூ விரியும். சுவரில் இருக்கிற படத்துக்கு மேல் ஏதாவது ஒன்றை வைத்து மறையுங்கோ என்றேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கச் சொல்லுறியள் அக்கா. பிள்ளை கேக் வெட்டி முடியுமட்டும் ரோசாப்பூ நிண்டா ஆக்கள் என்னைத்தான் பழிப்பினம்."

"பழிக்கட்டும். வையுங்கோ."

வைத்தார். சிவப்பு ரோசாப்பூ ஒன்று, என் மகளின் தலைக்கு மேல், ஏழு நிமிடம் அசையாமல் நின்றது. நோர்வேக்குப் போன கசெற்றில் மட்டும். பாரிசுக்கும் கொழும்புக்கும் போனவற்றை நான் யோசிக்கவில்லை. ஆபத்து நோர்வேயில்தானே, பாரிசில் என் சொந்த அண்ணன்தானே என்று நினைத்தேன். இவ்வளவு விடுப்புப் பேசிய எனக்கு, எங்கள் ஆட்களின் கசெற்றுகள் வீட்டுக்கு வீடு மட்டுமல்ல நாட்டுக்கு நாடும் கைமாறும் என்பது ஏன் தோன்றவில்லை என்று தெரியாது.

ஒன்றரை மாதம் போனது. ஒரு மாலை நானும் அவளும் ஒன்றாக வேலையால் வந்து, அவள் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது. நான் எடுக்கப் போக, அவள் வழக்கம்போலக் கையைக் காட்டி மறித்தாள். மெசின் எடுத்தது. மச்சாளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணி, எங்கடை கொப்பியிலை மட்டும் ஏன் அந்த ரோசாப்பூ? எல்லாரும் கேட்டுக் கேட்டு என்னைத் துளைச்சுப்போட்டினம். உங்கடை அண்ணன் இஞ்சை கலியாணத்துக்கு வந்தவர் தன்ரை கசெற்றைக் கொண்டு வந்தவர், அதைப் போட்டுப் பாத்தனாங்கள். அது எங்கடை ஏரியெல்லோ அண்ணி! பலகையிலை இருக்கிறது மாஸ்ரற்றை மனிசி மாதிரிக் கிடக்கு. மாஸ்ரருக்கும் போட்டுக் காட்டினனாங்கள். பாவம் மனிசன், அழுதிட்டார். எடுங்கோ அண்ணி, அவ உங்கடை வீட்டிலையோ இருக்கிறா?"

மெசின் கிளிக் என்று நின்றது. அவள் திருப்பிக் கொழுவிய படம் என்னை இழுத்ததைப்போல, நான் வைத்த ரோசாப்பூ அந்த ஊர் முழுவதையும் இழுத்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள்.

"கறையை மறைக்கத்தானேயக்கா எடுத்தனீங்கள்?"

அதே கேள்வி, அதே குரல். அந்த முறை எனக்கு ஓம் என்று வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

"நான் நினைச்சனான்" என்றாள்.

அரை மணி நேரத்தில் இரண்டு பைகளும் பெட்சீற்றால் சுற்றிய படமும் வாசலில் இருந்தன. எங்கே போகிறீர் என்று கேட்டேன். கேட்ட மறுகணமே அதை நான் கேட்டிருக்கக்கூடாது என்று விளங்கியது. பைகளைத் தூக்க உதவப் போனேன், விடவில்லை. வலக்கை பாரம் தாங்காமல் நடுங்க நடுங்கத் தானே தூக்கினாள். எலிவேற்றருக்குப் போகாமல் படிக்கட்டுப் பக்கம் போனாள். இறங்கினாளா ஏறினாளா என்று எனக்குத் தெரியாது. தொழிற்சாலைக்கும் பிறகு வரவில்லை.

மாரி தொடங்கமுன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாஸ்ரர் வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவுத் துளையால் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேட், கையில் சொக்கிலேற் பெட்டி. திறந்தேன். சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் சேர்த்து நேராக வைத்தார்.

"உங்கடை மச்சாள்தான் விலாசம் தந்தவ தங்கச்சி. அவவின்ரை பிள்ளையள் எங்கடை பிள்ளையள் மாதிரி."

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போதும் என்றார். மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். குரல் மெதுவானது, கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

"அவவுக்குக் கொஞ்சக் காலமா மனம் சரியில்லை. ஆரைப் பாத்தாலும் சந்தேகம். சாப்பாட்டிலை, தண்ணியிலை, ரெலிபோனிலை எல்லாத்திலையும் சந்தேகம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வைத்தியம் பாத்தா மாறிவிடும். எவடம் போனவ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பால் பை ஞாபகம் வந்தது. எலிவேற்றர் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் அவர் சொன்னதற்குச் சரியாகப் பொருந்தியது. அவள் இப்போது எந்த இடத்தில் வேலை செய்கிறாள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. லைனில் என்னோடு நின்ற பிலிப்பினோப் பெண் ஒருத்தி கண்டுவந்து சொல்லியிருந்தாள். அந்த இடத்தின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்வது அவளுக்கு நல்லதுதானோ என்றுகூட நினைத்தேன்.

அவர் கேக் மேசை இருந்த இடத்துச் சுவரைப் பார்த்தார். கறையும் ஆணியும் அப்படியே இருந்தன.

"இதிலைதானோ அந்தப் படம் தொங்கினது?"

"ஓமண்ணை. யார்ட் சேலிலை வாங்கினது" என்றேன், ஏனென்று தெரியாமலே.

"நல்ல படம். எங்கடை ஏரிதான்." கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். "சனம் சும்மா கதைக்குது, அதிலை ஆள் ஒண்டும் இல்லை. அது ஒரு கட்டை."

நான் அந்த உருவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகவே சொன்னார். அவளும் அதே பொய்யை எனக்குச் சொன்னவள்தான். அவளுக்கு அது ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவருக்கு ஏன் அங்கே ஒரு பெண் இருக்கக்கூடாது? தன் மனைவியைத் தேடி இவ்வளவு தூரம் வந்த ஒருவர், அவள் இருக்கும் ஒரே படத்தில் அவள் இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்? இருந்தாள் என்றால், ராத்திரியில் வீட்டுக்கு வெளியே ஏன் இருந்தாள் என்று சனம் கேட்கும். என் நெஞ்சுக்குள் இருந்த அந்த மூலைக் குரல் அன்றோடு நின்றது. அவளை நான் முழுதாக நம்பியது அந்த நிமிடத்தில்தான், அவள் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"எவடம் போனவ, தங்கச்சி?"

"உங்காலைப் பக்கந்தான்" என்றேன். என் கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது. "பிக்கரிங் எண்டு கேள்வி. அங்கை ஆரோ சொந்தக்காரராம்."

சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்துக் கவனமாக எழுதிக்கொண்டார். அவள் இருந்த இடத்துக்கும் பிக்கரிங்குக்கும் வெகுதூரம். எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று இங்கேயும் எழுதமாட்டேன். அவர் போனபிறகு கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்டு, எலிவேற்றர் கீழே போய்ச் சேரும் சத்தம் கேட்கும்வரை கதவுத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிலிப்பினோப் பெண்ணிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று பலமுறை நினைத்தேன். நான் வேண்டுமென்றே கொழுவினேன், என்னை மன்னித்துவிடும் என்று எழுதவேண்டும்போல இருந்தது. எழுதவில்லை. மன்னித்தால் அவள் என்னை நம்பத் தொடங்குவாள். நம்பினால் ஒருநாள் தொலைபேசி எடுப்பாள், வருவாள். என் வீட்டு விலாசம் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அவள் சந்தேகப்பட்ட அத்தனை பேரிலும் சரியாகச் சந்தேகப்பட்டது என்னைத்தான். அந்தச் சந்தேகம் அவளுக்குத் துணையாக இருக்கட்டும்.

இப்போதும் தமிழ்க் கடையில், கோயிலில், அவள் வயதுப் பெண் ஒருத்தி இடது கையால் பாரம் தூக்கினால் என் கால் நிற்கும். ஒரேயொரு கேள்விதான் எனக்கு அவளிடம் இருக்கிறது. படத்தை இப்போது நேராகக் கொழுவியிருக்கிறீரா என்பதுதான் அது. கண்டாலும் கேட்கமாட்டேன்.